மௌனத்தில் முளைத்த அரசர்கள்

1139 ஜனவரியில் ரோமுக்குப் போகும் வழியில் ஹண்டிங்டன் ஹென்றி நார்மண்டியின் பெக் மடத்தில் தங்கினார். இங்கிலாந்தின் வரலாற்றை லத்தீனில் எழுதியவர் அவர். ஜூலியஸ் சீசரின் படையெடுப்பிலிருந்துதான் அவரால் அந்த வரலாற்றைத் தொடங்க முடிந்திருந்தது. அதற்கு முன் அந்தத் தீவை ஆண்டவர்கள் யார் என்று தேடித் தேடியும் ஓர் ஏடுகூட அவருக்கு அகப்படவில்லை. பெக் மடத்துத் துறவியும் நூல்களைத் தேடிச் சேர்ப்பவருமான டோரிஞி ராபர்ட் ஒரு புதிய நூலை எடுத்துவந்து காட்டினார். ட்ராய் நகரத்து ஈனியஸின் கொள்ளுப்பேரன் ப்ரூட்டஸ் முதல் ஏழாம் நூற்றாண்டின் காட்வாலடர் வரை ஏறக்குறைய நூறு அரசர்கள் அதில் ஒருவர்பின் ஒருவராக வந்தார்கள். ஒவ்வொருவருக்கும் பெயர் இருந்தது, பலருக்குப் போரும் நகரமும் கல்லறையும் இருந்தன. ஹென்றி திகைத்துப்போனார். படித்ததைச் சுருக்கி, வாரின் என்ற நண்பருக்கு நீண்ட கடிதமாக எழுதினார்.

அந்த நூல் ‘பிரிட்டானிய அரசர்களின் வரலாறு’. எழுதியவர் மான்மத் ஜெஃப்ரி. வேல்ஸின் தென்கிழக்கு எல்லையில் இருக்கிறது மான்மத். நார்மன் படையெடுப்புக்குப்பின் அங்கே கோட்டையும் மடமும் பிரிட்டனியிலிருந்து வந்த பிரபு ஒருவரின் கைக்குப் போயின. அதனால் ஜெஃப்ரி வெல்ஷ் குடும்பத்தவரா, பிரெத்தோன் குடும்பத்தவரா என்று அறிஞர்கள் இன்றும் வாதிடுகிறார்கள். 1129க்கும் 1151க்கும் இடையே ஆக்ஸ்ஃபோர்டு வட்டாரத்து ஆவணங்கள் ஆறில் அவர் பெயர் சாட்சியாக வருகிறது. சிலவற்றில் ஆசிரியர் என்ற பட்டத்தோடு. அந்த ஆவணங்களில் தம் பெயருடன் ஆர்தர் என்ற பெயரையும் அவர் சேர்த்துக்கொண்டார். அது தந்தையின் பெயராக இருக்கலாம், ஆர்தர் மீதிருந்த ஈடுபாட்டால் வந்த பட்டப்பெயராகவும் இருக்கலாம்.

நூலின் தொடக்கத்திலேயே ஜெஃப்ரி தம் ஆதாரத்தைச் சொல்லிவிடுகிறார். முந்தைய எழுத்தாளர்களான கில்டாஸும் பீடும் சிறப்பாக எழுதியிருந்தும் கிறிஸ்துவுக்கு முந்தைய பிரிட்டானிய அரசர்களைப் பற்றியோ ஆர்தரைப் பற்றியோ அவர்களிடம் ஒன்றும் இல்லையே என்று தாம் வியந்துகொண்டிருந்ததாகவும், அப்போது ஆக்ஸ்ஃபோர்டின் ஆர்ச்டீக்கன் வால்ட்டர் பிரிட்டானிய மொழியில் இருந்த மிகப் பழைய நூல் ஒன்றைத் தந்ததாகவும், அதைத் தாம் எளிய லத்தீனில் பெயர்த்ததாகவும் எழுதுகிறார். முடிவுரையிலும் இதே நூல் வருகிறது. வெல்ஷ் இளவரசர்களின் பிற்கால வரலாற்றை லான்கார்வன் காரடாக்கிடமும், சாக்சன் அரசர்களை மாம்ஸ்பரி வில்லியமிடமும் ஹண்டிங்டன் ஹென்றியிடமும் விட்டுவிடுவதாகச் சொல்லும் ஜெஃப்ரி, பிரிட்டானிய அரசர்களைப் பற்றி அவர்கள் வாய்திறக்க வேண்டாம் என்கிறார். அந்தப் பழைய நூல் அவர்களிடம் இல்லையே என்பது காரணம்.

வால்ட்டர் உண்மையான மனிதர். அதே ஆவணங்களில் அவர் பெயரும் உண்டு. அவர் கொடுத்ததாகச் சொல்லப்படும் நூல் மட்டும் எவர் கண்ணிலும் பட்டதில்லை. ஜெஃப்ரியின் நூலுக்கு நேர் மூலமாக ஒரு பிரிட்டானிய நூல் இருந்தது என்று இன்றைய ஆய்வாளர்களில் மிகச் சிலரே நம்புகிறார்கள். அப்படியானால் அவர் புளுகர் என்று சொல்லி மூடிவிடலாமா? எண்ணூறு ஆண்டுகளாகப் பலர் அப்படித்தான் மூடினார்கள். எனக்கு அது போதாது. ஜெஃப்ரியின் கையில் மெய்யான சான்றுகள் கணிசமாக இருந்தன. அவற்றில் எதை எடுத்தார், எதை எங்கே நகர்த்தினார் என்று தடம்பிடித்துப் பார்க்க முடியும். பார்த்தால், தோற்றுப்போன ஓர் இனத்துக்கு எழுத்தில் ஒரு முற்காலத்தைக் கட்டித்தர முயன்ற மனிதர் தெரிகிறார். அவர் கட்டியதை வென்றவர்கள் எவ்வளவு எளிதாகத் தங்கள் பெயருக்கு மாற்றிக்கொண்டார்கள் என்பதும் தெரிகிறது.

ரோமானிய ஆட்சி பிரிட்டனிலிருந்து ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் விலகியது. 597இல் அகஸ்டின் என்ற துறவி கெண்ட்டுக்கு வந்து இறங்குகிறார். இடைப்பட்ட ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளில்தான் தீவின் பெரும்பகுதி பிரிட்டானியரிடமிருந்து சாக்சன்களிடம் போனது. அந்தக் காலத்தின் சொந்தக் குரலாக நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் கில்டாஸ் மட்டுமே. அவரும் வரலாறு எழுத உட்கார்ந்தவர் அல்லர். தம் காலத்து அரசர்களையும் குருமாரையும் பாவிகள் என்று கடிந்துகொள்ள எழுதியவர். ஆம்ப்ரோசியஸ் ஆரெலியானுஸ் என்ற தலைவரையும் பேடன் குன்றில் கிடைத்த வெற்றியையும் அவர் சொல்கிறார். ஆர்தர் என்ற பெயர் அவரிடம் இல்லை. 731இல் தம் திருச்சபை வரலாற்றை முடித்த பீடிடமும் இல்லை.

ஆர்தர் எழுத்தில் வருவதற்கு 829-830 வரை காத்திருக்க வேண்டும். நென்னியஸ் பெயரில் வழங்கும் ‘பிரிட்டானியர் வரலாறு’ அப்போது வடக்கு வேல்ஸில் தொகுக்கப்பட்டது. அதில் ஆர்தர் அரசரல்லர், அரசர்களோடு சேர்ந்து போரிட்ட படைத்தலைவர். பன்னிரண்டு போர்கள் அவருக்குச் சொல்லப்படுகின்றன. கடைசிப் போரான பேடனில் ஒரே நாளில் 960 பேரைத் தனியொருவராக வீழ்த்தினாராம். பத்தாம் நூற்றாண்டு வெல்ஷ் ஆண்டுக்குறிப்புகளில் இரண்டு வரிகள் இருக்கின்றன: பேடன் போர் 516ஐ ஒட்டியும், ஆர்தரும் மெட்ராட்டும் விழுந்த காம்லான் சண்டை 537ஐ ஒட்டியும் வைக்கப்படுகின்றன. மெட்ராட் ஆர்தரின் பகைவனா துணைவனா என்றுகூட அந்தக் குறிப்பு சொல்லவில்லை.

எழுத்து இவ்வளவு சிக்கனம் காட்டினாலும் மக்கள் வாயில் ஆர்தர் பெருகிக்கொண்டே இருந்தார். 1113இல் பிரான்ஸின் லான் நகரத்துக் குருமார் நிதி திரட்டத் திருப்பண்டங்களோடு கார்ன்வாலுக்கு வந்தார்கள். பாட்மின் ஊரில் கை சூம்பிய ஒருவன், ஆர்தர் இன்னும் உயிரோடு இருக்கிறார் என்று அவர்களுடைய ஆள் ஒருவரிடம் வாதிட்டான். பேச்சு கைகலப்பு வரை போனது. டூர்னே ஹெர்மன் இதைப் பதிந்திருக்கிறார். 1125இல் மாம்ஸ்பரி வில்லியம், ஆர்தரைப் பற்றி பிரிட்டானியர் பிதற்றும் கதைகளை ஒதுக்கிவிட்டு, மெய்யான வரலாறுகளில் பேசப்படத் தக்கவர் அவர் என்றும் எழுதினார். ஜெஃப்ரி பேனாவை எடுக்கும்போது நிலைமை இதுதான்: பெரிய நம்பிக்கை ஒன்று, அதைத் தாங்கப் போதிய எழுத்துச் சான்று இல்லை. மாம்ஸ்பரி வில்லியமின் அந்த வாக்கியம் அவருக்கு ஓர் அழைப்பாகவே பட்டிருக்கும் என்று நினைக்கிறேன்.

அவர் வேலைசெய்த விதத்துக்கு கில்டாஸின் ஐந்து கொடுங்கோலர்கள் நல்ல உதாரணம். கான்ஸ்டன்டைன், ஆரெலியஸ் கானினஸ், வோர்டிப்போர், குனெக்ளாசஸ், மாக்ளோகுனஸ் என்று ஐவரைப் பெயர்சொல்லி அழைத்துச் சாடுகிறார் கில்டாஸ். ஐவரும் ஒரே காலத்தில் வெவ்வேறு சிறு நாடுகளை ஆண்டவர்கள். எதிரே நின்று திட்டுகிற தொனியிலேயே அது விளங்கும். ஜெஃப்ரி குனெக்ளாசஸை விட்டுவிட்டு மற்ற நால்வரையும் ஆர்தருக்குப்பின் அடுத்தடுத்து முழு பிரிட்டனையும் ஆண்ட மன்னர்களாக நிறுத்துகிறார். பக்கத்துப் பக்கத்தில் இருந்தவர்கள் முன்பின்னாக மாறினார்கள். ஒரே அசைவில் இரண்டு காரியம் நடந்தது: ஆர்தருக்குப் பிந்தைய வெற்றிடம் நிரம்பியது, தீவு முழுவதற்கும் ஒரே மணிமுடி இருந்தது என்ற எண்ணமும் வலுப்பட்டது. நால்வரின் பெயரும் மெய்தானே என்று சரிபார்க்கிறவர் கில்டாஸைத் திறந்தால், பெயர்கள் அங்கே இருக்கும்.

கார்லியனில் ஆர்தர் முடிசூடி அமரும் விழா நூலின் உச்சம். வந்திருந்த விருந்தினர்களின் பட்டியலை நீளமாகத் தருகிறார் ஜெஃப்ரி. அதில் ஒரு பகுதி, இன்னார் மகன் இன்னார் என்ற அமைப்பில், பழைய வெல்ஷ் எழுத்துக்கூட்டலோடு ஓடுகிறது. பழைய வெல்ஷ் வம்சாவளிகளிலிருந்து எடுத்த பெயர்கள் அவை என்று 1941இல் ஸ்டூவர்ட் பிகாட் காட்டினார். வெவ்வேறு தலைமுறைகளையும் வெவ்வேறு நாடுகளையும் சேர்ந்த முன்னோர்கள் ஒரே நாளில் ஒரே பந்தியில் உட்கார்ந்துவிட்டார்கள். வம்சாவளியை மனப்பாடமாக வைத்திருந்த ஒரு வெல்ஷ் வாசகர் அந்தப் பக்கத்தில் தம் பாட்டன் முப்பாட்டனின் பெயரைக் கண்டிருப்பார். அதற்குமேல் நம்புவதற்கு அவருக்கு என்ன வேண்டும்?

காட்வாலடரின் கதை இன்னும் நுட்பமானது. காட்வாலடர் வேல்ஸின் க்வினெத் நாட்டின் மெய்யான அரசர். ஏழாம் நூற்றாண்டில் கொள்ளைநோயில் இறந்தவர். பீட் நூலில் காட்வாலா என்று வேறொருவர் வருகிறார். அவர் மேற்குச் சாக்சன்களின் அரசர். 688இல் ஆட்சியைத் துறந்து ரோமுக்குப் போய், போப் செர்ஜியஸ் கையால் ஞானஸ்நானம் பெற்று, 689 ஏப்ரல் 20இல் அங்கேயே இறந்தார். ஜெஃப்ரி பிரிட்டானியருக்கு அந்தச் சாவை எடுத்துக் கொடுத்துவிட்டார். அவருடைய காட்வாலடர் பஞ்சத்துக்கும் நோய்க்கும் தப்பிப் பிரிட்டனிக்குப் போகிறார், மீண்டும் நாட்டை மீட்கப் புறப்படும்போது வானத்திலிருந்து ஒரு குரல் தடுக்கிறது, ரோமுக்குப் போகிறார், போப் செர்ஜியஸைச் சந்திக்கிறார், பீட் தந்த அதே ஆண்டில், அதே நாளில் இறக்கிறார். பெயர் ஒத்திருந்ததால் வந்த குழப்பம் என்று சிலர் சொல்வதுண்டு. பீடை இவ்வளவு கவனமாகப் படித்த ஒருவர், சாக்சன் அரசரென்று அவர் தெளிவாக எழுதியதைக் கவனிக்காமல் விட்டார் என்று என்னால் ஏற்க முடியவில்லை. அந்தச் சாவு ஜெஃப்ரிக்குத் தேவைப்பட்டது. பகைவனிடம் தோற்று முடிகிற வம்சம், கடவுள் கட்டளைக்குப் பணிந்து முடிகிற வம்சமாகிறது. குறித்த காலம் வந்ததும் நாடு பிரிட்டானியருக்குத் திரும்பக் கிடைக்கும் என்ற வாக்குறுதியையும் அந்தக் குரல் கொடுத்துவிட்டுப் போகிறது.

மெர்லின் இதே பட்டறையில் உருவானவர். ‘பிரிட்டானியர் வரலாறு’ நூலில், வோர்டிகெர்ன் மன்னன் கட்டும் கோட்டை நிற்காமல் சரிந்துகொண்டிருக்க, தகப்பனில்லாத சிறுவன் ஒருவன் வந்து அடியில் சிவப்பு நாகமும் வெள்ளை நாகமும் சண்டையிடுவதைக் காட்டுகிறான். அவன் பெயர் ஆம்ப்ரோசியஸ். வெல்ஷ் பாடல் மரபில் மிர்தின் என்ற வேறொருவர் இருக்கிறார். போரில் புத்தி பேதலித்துக் காட்டில் திரிந்து எதிர்காலம் சொல்பவர். ஜெஃப்ரி இருவரையும் ஒருவராக்கி, ஆம்ப்ரோசியஸ் என்பது மெர்லினின் இன்னொரு பெயர் என்று ஒரு வாக்கியத்தில் முடித்தார். மெர்லினின் ஆரூடங்களை லிங்கன் ஆயர் அலெக்சாண்டரின் பெயரில் முதலில் தனி நூலாக வெளியிட்டு, பிறகு வரலாற்றின் நடுவில் சேர்த்தார். சிங்கத்தின் குட்டிகள் கடல் மீன்களாக மாறும் என்று அவற்றில் ஓர் ஆரூடம். முதல் ஹென்றியின் ஒரே சட்டபூர்வ மகன் 1120 நவம்பரில் வெள்ளைக் கப்பலோடு மூழ்கியதை வாசகர்கள் மறந்திருக்கவில்லை. நடந்து முடிந்ததைப் பழங்காலத்தவர் வாயால் சொல்லவைத்தால், இனி நடக்கவிருப்பதாகச் சொல்வதற்கும் நம்பகம் வந்துவிடும். பிரான்ஸில் ஆறாம் லூயியின் வாழ்க்கையை எழுதிய மடாதிபதி சூஜேகூட மெர்லினை மேற்கோள் காட்டினார்.

இவற்றையெல்லாம் கட்டிப்போடுகிற சரடு காலக்கணக்கு. ப்ரூட்டஸ் ஆண்டபோது யூதேயாவில் ஏலி குருவாக இருந்தார். லியர் மன்னரின் பேரன் காலத்தில் ஏசாயா தீர்க்கதரிசனம் சொல்லிக்கொண்டிருந்தார், ரோமுலஸும் ரீமஸும் ரோமை நிறுவினார்கள் என்று அங்கங்கே விவிலியத்தோடும் ரோமோடும் முடிச்சுப் போட்டுக்கொண்டே போகிறார். லியரின் கல்லறை லெஸ்டரில் சோர் ஆற்றின் அடியில் இருக்கிறது என்று இடமும் சொல்கிறார். அக்கால வரலாற்று நூலுக்கு எதெல்லாம் இலக்கணமோ அதெல்லாம் இருந்தது. யாரும் அறியாத ஓர் அரசனை எல்லோரும் அறிந்த ஒரு தீர்க்கதரிசியின் பக்கத்தில் நிறுத்தினால், அரசனும் அறிந்தவனாகிவிடுகிறான்.

ஏன் அந்த நேரத்தில் என்பதுதான் எனக்கு மிக முக்கியமாகப் படுகிற கேள்வி. 1135 டிசம்பரில் முதல் ஹென்றி இறந்தார். மகள் மட்டில்டாவை வாரிசாக ஏற்பதாகப் பிரபுக்கள் 1127இல் சத்தியம் செய்திருந்தும் ஹென்றியின் சகோதரி மகன் ஸ்டீஃபன் முடிசூடிக்கொண்டார். அடுத்த ஆண்டே வேல்ஸ் கிளர்ந்தெழுந்தது. 1136 ஏப்ரலில் மோர்கன் அப் ஓவைனின் ஆட்கள் க்ளேர் குடும்பத்து நார்மன் பிரபு ரிச்சர்டைக் கொன்றார்கள். சிறிது காலத்தில் அஸ்க், கார்லியன் இரண்டும் மோர்கன் கைக்கு வந்தன. அக்டோபரில் கார்டிகனுக்கு அருகே க்ரூக் மாவ்ரில் நார்மன் படை சிதறியது. ஜெஃப்ரியின் நூல் முழு வடிவம் பெற்றது இந்த ஆண்டுகளில். வெல்ஷ் மக்களைக் காட்டுமிராண்டிகள் என்று எழுதுவது அப்போதைய லத்தீன் எழுத்தாளர்களிடம் வழக்கமாகிக்கொண்டிருந்தது. அதே மக்களின் முன்னோர்கள் ரோமை வென்றவர்கள், சட்டம் இயற்றியவர்கள், சாலை போட்டவர்கள் என்று ஒரு நூல் வருகிறது. ஆர்தரின் அரசவைக்கு அவர் தேர்ந்தெடுத்த இடம் கார்லியன். வெல்ஷ் தலைவர் ஒருவர் அப்போதுதான் மீட்டிருந்த ஊர். அந்த மோர்கனோடு கூட்டுச் சேர்ந்த க்ளாஸ்டர் பிரபு ராபர்ட்டுக்குத்தான் நூல் காணிக்கை. மட்டில்டாவுக்குத் தந்தை வழியில் அரைச் சகோதரர் அவர். க்வென்டோலன், கார்டீலியா என்று தனித்து ஆண்ட அரசிகள் நூலில் வருவதையும் இந்தப் பின்னணியில் படிக்கலாம்.

ஆனால் ஜெஃப்ரியின் காணிக்கைகள் ஒரு பக்கம் மட்டும் போகவில்லை. சில பிரதிகளில் ராபர்ட்டோடு எதிரணியின் மலான் வாலரானும் சேர்ந்து வருகிறார். பெர்ன் நகரத்துப் பிரதி ஒன்றில் ஸ்டீஃபன் மன்னரே இருக்கிறார். எந்தப் பிரபுவும் தன் கையில் எடுத்துக்கொள்ளக்கூடிய முற்காலமாக அது இருந்தது. பின்னால் வரப்போகும் சிக்கலின் வித்து இங்கேயே விழுந்துவிட்டது.

நூல் பரவிய வேகம் அசாதாரணமானது. இன்று 200க்கும் மேற்பட்ட லத்தீன் கையெழுத்துப் பிரதிகள் எஞ்சியிருக்கின்றன. 1155இல் வாஸ் என்ற கவிஞர் அதைப் பிரெஞ்சுச் செய்யுளாக்கினார். வட்டமேசை முதன்முதலாகத் தோன்றுவது அங்கேதான், ஜெஃப்ரியிடம் அது கிடையாது.

எதிர்ப்பும் வந்தது. யார்க்‌ஷரில் நியூபர்க் மடத்துத் துறவி வில்லியம் 1190களின் இறுதியில் தம் வரலாற்றின் முன்னுரை முழுவதையும் ஜெஃப்ரியைத் தகர்க்கச் செலவிட்டார். அந்த முன்னுரையை இன்று படித்தாலும் உற்சாகமாக இருக்கிறது. அதில் வசை நிறைய இருந்தாலும் முறையும் இருக்கிறது. பீட் தரும் கெண்ட் அரச வரிசையை ஜெஃப்ரியின் அரச வரிசையோடு பொருத்திப் பார்த்து, ஆர்தரின் வெற்றிகளுக்குக் காலத்தில் இடமே இல்லை என்கிறார். ஆர்தரின் விழாவுக்கு மூன்று பேராயர்கள் வருகிறார்கள்; பிரிட்டானியருக்குப் பேராயர் பதவியே இருந்ததில்லை என்று சுட்டுகிறார். முப்பது நாடுகளை வென்ற ஒருவரைப் பற்றி மற்ற நாட்டு வரலாற்றாசிரியர் எவரும் ஒரு சொல்லும் எழுதவில்லையே, அது எப்படி என்று கேட்கிறார். பிற சான்றோடு ஒப்பிடு, காலத்தைக் கணக்கிடு, பேசவேண்டியவர்களின் மௌனத்தைக் கவனி: இன்றும் வரலாற்று மாணவருக்குக் கற்பிக்கப்படுகிற சோதனைகள் இவை. வில்லியமுக்கு பிரிட்டானியர் மேல் அன்பு கிடையாது. 1187இல் பிறந்த பிரிட்டனி இளவரசனுக்கு ஆர்தர் என்று பெயரிட்டு, பழைய நம்பிக்கை அரசியலாகிக்கொண்டிருந்ததும் அவருக்குத் தெரியும். அந்தக் கசப்பால் அவருடைய சோதனைகள் பழுதாகிவிடவில்லை.

வேல்ஸ் ஜெரால்டின் நிலை வேறு. 1146ஐ ஒட்டி மானர்பியர் கோட்டையில் பிறந்தவர். பாட்டி நெஸ்ட் வெல்ஷ் இளவரசி. 1188இல் பேராயர் பால்ட்வினோடு சிலுவைப்போருக்கு ஆள் சேர்க்க வேல்ஸைச் சுற்றிவந்து எழுதிய பயண நூலில் ஒரு கதை சொல்கிறார். கார்லியன் பக்கத்தில் மெய்லிர் என்று ஒருவன். பேய்கள் அவன் கண்ணுக்குத் தெரியும். யோவான் நற்செய்தியை அவன் மார்பில் வைத்தால் பேய்கள் பறந்துபோகும். அதை எடுத்துவிட்டு ஜெஃப்ரியின் நூலை வைத்தால், உடம்பெங்கும் நூல் மேலும் முன்னைவிடக் கூட்டமாக வந்து உட்கார்ந்து நெடுநேரம் போகாது. இவ்வளவு எழுதியவர் அதே நூலின் தகவல்களைப் பல இடங்களில் எடுத்தாள்கிறார். செயின்ட் டேவிட்ஸ் ஆயராக வேண்டும், அந்தப் பீடம் கான்டர்பரிக்கு அடங்காத பேராயர் பீடமாக வேண்டும் என்பதற்காக மூன்று முறை ரோமுக்கு அலைந்து 1203இல் தோற்றவர் அவர். கார்லியனில் இருந்த பேராயர் பீடத்தைத் தாவீது முனிவர் மெனீவியாவுக்கு, அதாவது செயின்ட் டேவிட்ஸுக்கு, மாற்றினார் என்பது அந்த வாதத்தின் அடிக்கல். அந்தச் செய்திக்கு ஊர் முழுக்க வலுச்சேர்த்தது ஜெஃப்ரியின் வரலாறுதான். பேய் அண்டும் நூல் என்று ஒதுக்கியதையே உரிமை கோரும்போது ஊன்றிக்கொண்டார். ஜெரால்டை இதற்காகக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. சிறிய இனத்தின் உரிமையைப் பெரிய அவையில் பேச வேண்டியவருக்கு வேறு எந்த ஆவணம் கிடைத்திருக்கும்?

1191இல் கிளாஸ்டன்பரி துறவிகள் ஆர்தரின் எலும்புகளையும் அவர் மனைவி குவெனிவரின் கூந்தலையும், பெயர் பொறித்த ஈயச் சிலுவையையும் தோண்டி எடுத்ததாக அறிவித்தார்கள். 1184 தீவிபத்தில் மடம் எரிந்து, கட்டப் பணம் வேண்டியிருந்த நேரம் அது. யாத்திரிகர்களால் மடத்துக்கு வருவாய்; ஆர்தர் செத்துவிட்டார் என்று உறுதியானதால் அரசருக்கு நிம்மதி. அவர் திரும்பி வருவார் என்று காத்திருந்தவர்களுக்குக் கல்லறை காட்டப்பட்டது.

அதைவிடத் திட்டமாக நடந்தது அடுத்த நூற்றாண்டில். முதலாம் எட்வர்ட் 1277இல் வெல்ஷ் இளவரசர் லூவெலின் அப் க்ரிஃபித்தைப் பணியவைத்தார். மறு ஆண்டு ஈஸ்டர் காலத்தில் மனைவி எலெனரோடு கிளாஸ்டன்பரிக்கு வந்து கல்லறையைத் திறக்கவைத்து, எலும்புகளைப் பட்டில் சுற்றி முதன்மைப் பீடத்தின் முன் வைத்தார். 1282 டிசம்பரில் லூவெலின் கொல்லப்பட்டார். ஆர்தரின் மணிமுடி என்று வெல்ஷ் மக்கள் போற்றிய முடி 1283இல் எட்வர்டிடம் ஒப்படைக்கப்பட்டது. 1301இல் ஸ்காட்லாந்து மீது தமக்குள்ள உரிமையை விளக்கிப் போப் எட்டாம் போனிஃபேஸுக்கு எழுதிய கடிதத்தில் எட்வர்ட் எங்கிருந்து தொடங்குகிறார் தெரியுமா? ப்ரூட்டஸிடமிருந்து. ப்ரூட்டஸ் தீவை மூன்று மகன்களுக்குப் பிரித்தார். மூத்தவன் லோக்ரினஸுக்கு இங்கிலாந்து. இளையவர்கள் அவனுக்குக் கீழ்ப்பட்டவர்கள். பின்னர் ஆர்தரும் ஸ்காட்லாந்தை அடக்கினார். வெல்ஷ் இளவரசர்களின் கடைசி ஆட்சியை அழித்த மன்னர், வெல்ஷ் முன்னோர்களின் வாரிசாகப் போப்பின் முன் நின்றார். ஸ்காட்லாந்துத் தரப்பும் சளைக்கவில்லை. பாரோவின் மகள் ஸ்கோட்டாவிலிருந்து தங்கள் வரலாற்றைத் தொடங்கிப் பதில் கொடுத்தார்கள்.

நூறு ஆண்டு கழித்து ஓவைன் க்ளின்டூர் இங்கிலாந்துக்கு எதிராக எழுந்து, 1401இல் ஸ்காட்லாந்து மன்னருக்கு உதவி கேட்டு எழுதியபோது அதே ப்ரூட்டஸையும் அதே மூன்று மகன்களையும் காட்டி, நாம் ஒரே குருதி என்றார். எட்வர்டுக்கு அடிமை சாசனமாக இருந்தது ஓவைனுக்கு உறவு சாசனம். 1485இல் சிவப்பு நாகக் கொடியோடு வந்து வென்ற ஏழாம் ஹென்றி தம் மூத்த மகனுக்கு ஆர்தர் என்று பெயரிட்டார். காட்வாலடருக்குக் கிடைத்த வாக்குறுதி நிறைவேறிற்று என்று கவிஞர்கள் பாட, வேல்ஸ் இங்கிலாந்தோடு சட்டப்படி இணைக்கப்பட்டது அவர் மகன் காலத்தில். இத்தாலியரான பொலிடோர் வெர்ஜில் 1534இல் அச்சிட்ட வரலாற்றில் ஜெஃப்ரியைச் சந்தேகித்தபோது ஜான் லேலண்டும் சர் ஜான் ப்ரைஸும் கொதித்தெழுந்து மறுப்பு எழுதினார்கள். 1586இல் வரலாற்றாசிரியர் கேம்டன் ஜெஃப்ரியிடமிருந்து மரியாதையாக விலகிக்கொண்டார். அதன்பின் கற்றவர்கள் இடையே ப்ரூட்டஸ் மெல்ல மங்கினார். லியரும் சிம்பலினும் ஷேக்ஸ்பியரிடம் அடைக்கலம் புகுந்தார்கள்.

ஆனால் ஜெஃப்ரியிடம் ஏதோ ஒரு பழைய நினைவு ஒட்டிக்கொண்டிருக்குமோ என்ற ஆவல் இன்றைய ஆய்வாளர்களையும் விடவில்லை. கார்லியனின் ரோமானிய அரங்கம் மண்மூடி ஆர்தரின் வட்டமேசை என்ற பெயரில் கிடந்தது. 1926-27இல் அங்கே அகழாய்வு நடக்க ஒரு செய்தித்தாள் பணம் கொடுத்ததற்குக் காரணம் அந்தப் பெயர்தான். பின்னாளில் அரிக்கமேட்டைத் தோண்டிய மார்ட்டிமர் வீலரின் திட்டம் அது. களத்தில் நின்று நடத்தியவர்களில் முக்கியமானவர் அவர் மனைவி டெஸ்ஸா. ஸ்டோன்ஹெஞ்ச் விஷயம் இதைவிடச் சுவையானது. மெர்லின் அந்தக் கற்களை அயர்லாந்து மலையொன்றிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்தார் என்பது ஜெஃப்ரியின் கதை. அங்குள்ள நீலக்கற்கள் மேற்கு வேல்ஸின் ப்ரெசெலி மலையைச் சேர்ந்தவை என்று 1923இல் ஹெர்பர்ட் தாமஸ் நிறுவினார். மேற்கிலிருந்து கல் வந்ததாவது ஜெஃப்ரிக்கு எப்படித் தெரிந்தது? வாய்மொழி நினைவா? 2021இல் ப்ரெசெலியில் வைன் மாவ்ன் என்ற இடத்துக் கல்வட்டம் பிரிக்கப்பட்டு ஸ்டோன்ஹெஞ்சுக்குப் போனது என்ற கருத்து வெளியானபோது ஜெஃப்ரி மீண்டும் தலைப்புச் செய்தியானார். அடுத்த ஆண்டே, அந்த வட்டத்தில் எஞ்சிய கற்களின் மூலப்பாறை ஸ்டோன்ஹெஞ்ச் கற்களோடு பொருந்தவில்லை என்ற ஆய்வும் வந்துவிட்டது. அதை எழுதியவர்களில் முதல் கருத்தை முன்வைத்தவரும் இருந்தார். அந்த நேர்மை எனக்கு மிகப் பிடித்திருக்கிறது. கல் நடப்பட்டதற்கும் ஜெஃப்ரிக்கும் இடையே நாலாயிரம் ஆண்டு இடைவெளி. அவர் சொல்லும் கற்கள் வேல்ஸையும் தாண்டி அயர்லாந்திலிருந்து, அதற்கும் முன் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவை. ஒரு திசை ஒத்துப்போவதை வைத்து நினைவுத் தொடர்ச்சியை நிறுவ முடியாது.

வேல்ஸுக்குள்ளோ ஜெஃப்ரியின் நூல் வேறொரு வாழ்க்கை வாழ்ந்தது. பதின்மூன்றாம் நூற்றாண்டு முதல் அதை வெல்ஷ் மொழிக்குப் பலமுறை பெயர்த்தார்கள். அந்தப் பிரதிகள் அறுபதளவில் எஞ்சியிருக்கின்றன. அதன் தொடர்ச்சியாக ‘இளவரசர்களின் நாளாகமம்’ எழுந்தது. காட்வாலடரின் சாவில் தொடங்கி லூவெலின் காலம்வரை ஆண்டுதோறும் நடந்த போர், கிரகணம், கொள்ளைநோய், மடாதிபதிகளின் மரணம் என்று அடக்கமாகப் பதிந்த, மடங்களின் ஆண்டுக்குறிப்புகளிலிருந்து வளர்ந்த நூல் அது. இடைக்கால வேல்ஸின் அரசியலை அறிய அதைவிட நல்ல சான்று நமக்கு இல்லை. சுவடி எழுதியவர்கள் ட்ராய் போர்க் கதை, ஜெஃப்ரி, இளவரசர்கள் என்று மூன்றையும் ஒரே கட்டில் வரிசையாக எழுதிவைத்தார்கள். ஹெர்கெஸ்ட் செந்நூல் அப்படிப்பட்ட ஒன்று. அதைப் படித்த வெல்ஷ் குடும்பங்களுக்கு ட்ராய் முதல் தம் பாட்டனார் காலம்வரை ஒரே பாதை.

ஜெஃப்ரி 1152 பிப்ரவரியில் குருவாகவும் எட்டு நாளில் செயின்ட் அசாஃப் ஆயராகவும் திருநிலைப்படுத்தப்பட்டார். வடக்கு வேல்ஸில் போர் நடந்துகொண்டிருந்ததால் தம் மறைமாவட்டத்துக்கு அவர் போயிருக்க வாய்ப்பு குறைவு. 1153இல் ஸ்டீஃபனும் பின்னாளைய இரண்டாம் ஹென்றியும் செய்துகொண்ட உடன்படிக்கையில் சாட்சியாக நின்றார். இளவரசர்களின் நாளாகமம் 1155ஐ ஒட்டி அவர் மரணத்தைக் குறிக்கிறது, லாண்டாஃப் ஆயர் ஜெஃப்ரி இறந்தார் என்று. லாண்டாஃபில் அப்போது ஆயராக இருந்தவர் நிக்கோலஸ். 1183 வரை அவர்தான். நம்பத்தகுந்த அந்த நாளாகமம் ஜெஃப்ரியைத் தவறான பீடத்தில் உட்காரவைத்துவிட்டது. அதை நாம் கண்டுபிடித்துத் திருத்த முடிவது, வேறு ஆவணங்கள் பக்கத்தில் இருப்பதால்.